600 ஜி.பி. படங்களும் கணக்குகளும்: புதிய ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று. 2 டி.பி. வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். வீட்டுக் கணினியில் படங்கள், ஆவணங்கள், கணக்குகள் எல்லாம் சேர்ந்து 600 ஜி.பி. அளவுக்கு இருக்கின்றன. இழுத்துப் போட்டு நகலெடுத்தால் போதுமா, தானாகவே பேக்கப் நடக்க வழி உண்டா, மிச்சம் இருக்கும் இடத்தில் சினிமாப் படங்களை வைத்துக்கொள்ளலாமா என்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கும் கவலை வேறு என்று நினைக்கிறேன். நாளைக் காலை கணினி உயிர் பெறாவிட்டால் இவையெல்லாம் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் அது. அந்தக் கோணத்திலிருந்தே பதில் எழுதுகிறேன். பத்தொன்பது ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எனக்குக் கைவந்தது விண்டோஸ். மேக், லினக்ஸ் இரண்டையும் பற்றி, நானே பயன்படுத்திப் பார்த்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் ஹார்ட் டிஸ்க்கைச் சிறிய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கணினி செத்துவிட்டது, ஆனால் கவலையில்லை, மூன்று ஆண்டுகளாகப் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது, தினமும் விளக்கு எரிவதைப் பார்ப்பேன் என்றார். டிஸ்க்கைத் திறந்து தேதிவாரியாக வரிசைப்படுத்தினேன். கடைசிக் கோப்பு பதினான்கு மாதங்களுக்கு முந்தையது. டிஸ்க் நிறைந்துபோய் பேக்கப் நின்றிருக்கிறது. திரையின் ஓரத்தில் வந்த சிறிய எச்சரிக்கையை யாரோ மூடிவிட்டிருக்கிறார்கள். டிஸ்க்குக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்ததால் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அந்தப் பதினான்கு மாதங்களுக்குள் அடக்கம். செத்த கணினியின் உள் டிஸ்க்கிலிருந்து ஒரு பகுதியைத்தான் மீட்க முடிந்தது. இந்தப் பதிலில் நான் திரும்பத் திரும்பச் சோதனையைப் பற்றியே பேசினால் அதற்கு அந்தத் துண்டுதான் காரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் இருந்தால்தான் அது பேக்கப். கணினியில் இடம் போதவில்லை என்று படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கணினியில் இருப்பதை அழித்துவிட்டால் அது வெறும் இடமாற்றம். இந்தத் தவறைப் படித்தவர்களும் செய்கிறார்கள். இணையச் சேமிப்பில் தானாக ஒத்திசையும் கோப்புறையும் முழுமையான பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெட்டதே போய் உட்காரும். குப்பைத்தொட்டி வசதி சில நாட்களுக்குக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

இனி உங்கள் டிஸ்க். 2 டி.பி. என்று அட்டையில் இருக்கிறது, செருகினால் 1.81 டி.பி. என்று காட்டுகிறதே என்று பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. இரண்டும் ஒரே அளவுதான். 600 ஜி.பி. தரவுக்கு இது தாராளம். பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்க வேண்டியிருப்பதால், தரவைப்போல இரண்டு மடங்காவது இடம் இருப்பது நல்லது என்பது என் கணக்கு. உங்களிடம் மூன்று மடங்கு இருக்கிறது. நம்ப முடியாத விலைக்கு நம்ப முடியாத கொள்ளளவு என்று விற்கும் டிஸ்க்குகள் சந்தையில் உண்டு. அவற்றுள் பல, உள்ளே சிறிய நினைவகத்தை வைத்துக்கொண்டு பெரிய எண்ணைக் காட்டுபவை. நிறைந்த பிறகு பழைய கோப்புகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். உங்களுடையது அப்படிப்பட்டது என்ற சந்தேகம் இருந்தால், டிஸ்க் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச நிரலை ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

டிஸ்க்கை எங்கே செருகுகிறீர்கள் என்பதும் முக்கியம். சிறிய அளவு டிஸ்க்குகள் யூ.எஸ்.பி. வழியாக வரும் மின்சாரத்திலேயே ஓடுகின்றன. யூ.எஸ்.பி. 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. மேசைக் கணினியின் முன்பக்கத் துளையிலோ, தனி மின்இணைப்பு இல்லாத ஹப்பிலோ செருகினால் டிஸ்க் சுழலத் தொடங்கி நின்று, மறுபடி தொடங்கி, டிக் டிக் என்று அடித்துக்கொள்ளலாம். பழுது என்று என்னிடம் வந்த பல டிஸ்க்குகள் பின்பக்கத் துளையில், வேறு கேபிளில் செருகியதும் ஒழுங்காக ஓடியிருக்கின்றன. அப்படி மாற்றியும் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்றால் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது இருப்பதையும் கெடுக்கும். வேகத்திலும் வித்தியாசம் பெரிது. 3.0-இல் வினாடிக்கு 100 மெகாபைட் கிடைத்தால் 600 ஜி.பி. நகலாக ஒரு மணி நாற்பது நிமிடம். 2.0-இல் 35 மெகாபைட்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது காகிதக் கணக்கு. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் இதைவிட அதிகம் ஆகும்.

கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறைக்கு வடிவமைப்பு (ஃபார்மட்) என்று பெயர். புதிய டிஸ்க்குகள் பல எக்ஸ்ஃபேட் வடிவமைப்பில் வருகின்றன. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம் என்பது அதன் வசதி. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால், நடந்துகொண்டிருந்த மாற்றத்தைச் சரிசெய்துகொள்ள உதவும் பதிவேடு அதில் கிடையாது. என்.டி.எஃப்.எஸ். வடிவமைப்பில் அது உண்டு. விண்டோஸ் கணினிக்கு மட்டும் என்றால், எதையும் போடுவதற்கு முன் என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றிவிடுங்கள். பழைய டிஸ்க் எதுவாவது ஃபேட்32-இல் இருந்தால் அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வடிவமைத்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த டிஸ்க்கை வடிவமைக்கிறோம் என்பதுதான் தெரியாமல் போகும். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒரே கணினியில் செருகியிருந்த இரண்டு டிஸ்க்குகளும் 'நியூ வால்யூம்' என்ற ஒரே பெயரில் இருந்ததால் நான் தவறானதை அழித்தேன். வாடிக்கையாளரின் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. வேறு எந்த வெளி டிஸ்க்கும் செருகியிருக்கக் கூடாது. தொடும் டிஸ்க்குக்கு முதலில் பெயர் வைக்க வேண்டும். 'பேக்கப்-1' என்று பெயரிட்டு, அதே பெயரை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி டிஸ்க்கின் மேலும் ஒட்டுங்கள்.

இழுத்துப் போட்டால் போதுமா? ஒன்றுமே செய்யாததற்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இரண்டாம் முறை நகலெடுக்கும்போதே சிக்கல் தொடங்கிவிடும். இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா தவிர்க்கவா என்று கேட்கும். குழப்பத்தில் புதிய கோப்புறை உருவாக்குவீர்கள். என்னிடம் வரும் டிஸ்க்குகளில் 'பேக்கப்', 'பேக்கப் புதியது', 'பேக்கப் கடைசி', 'பேக்கப் கடைசி 2' என்று வரிசையாக நிற்கும். எதில் எது இருக்கிறது என்று உரியவருக்கே தெரியாது. பதிப்புகள் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய குறை. போன வாரம் ஒரு கணக்குத்தாளில் தவறுதலாகப் பாதியை அழித்துச் சேமித்துவிட்டு, இன்று அதையே பழைய நகலின் மேல் எழுதிவிட்டால் நல்ல நகல் உலகத்திலேயே இல்லை.

விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி இந்தக் குறையைத் தீர்க்கிறது. விண்டோஸ் 8 காலத்தில், 2012-இல் வந்த வசதி. 11-இலும் இருக்கிறது, ஆனால் அமைப்புகளின் முகப்பில் இல்லை, பழைய கன்ட்ரோல் பேனலுக்குள் போய்த் தேட வேண்டும். பேக்கப் என்ற பெயரிலேயே விண்டோஸில் இன்னொரு செயலி இருக்கிறது. அது இணையச் சேமிப்புக்கு அனுப்புவது, உங்கள் டிஸ்க்குக்கு அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, இயக்குங்கள். டிஸ்க் செருகியிருக்கும்போது ஒரு மணிக்கு ஒரு முறை மாறிய கோப்புகளை எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்புகளை என்றென்றைக்கும் வைத்திரு என்பதே அதன் இயல்பான அமைப்பு. இடம் தேவைப்படும்போது பழையதை நீக்கிக்கொள் என்று அதை மாற்றிவிடுங்கள். துண்டில் சுற்றி வந்த டிஸ்க் நிறைந்துபோனது அந்த ஒரு அமைப்பை யாரும் தொடாததால்தான்.

எனக்கு இதில் பிடித்தது, பேக்கப் ஆன கோப்புகள் சாதாரணக் கோப்புகளாகவே டிஸ்க்கில் உட்காருவது. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். கணினி செத்தாலும் வேறொரு விண்டோஸ் கணினியில் செருகி, கோப்புறைகளைத் திறந்து கையாலேயே எடுத்துவிடலாம். தனக்கென்று ஒரு வடிவத்தில் பூட்டி வைக்கும் நிரல்களில் இந்த நிம்மதி கிடையாது.

ஆனால் எதை எடுக்காது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதை நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். ஆவணங்கள், படங்கள், இசை, வீடியோ, டெஸ்க்டாப் போன்ற வழக்கமான இடங்களைத்தான் எடுக்கும். டி டிரைவில் நீங்களே உருவாக்கிய கோப்புறை அதில் சேராது. சேர வேண்டுமானால் அந்தக் கோப்புறையின் மேல் வலது சொடுக்கி ஏதாவது ஒரு லைப்ரரியில் (பல கோப்புறைகளை ஒன்றாகக் காட்டும் விண்டோஸ் தொகுப்பு) இணைக்க வேண்டும். நீங்கள் கணக்குகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு அதிகக் கவலை. கணக்கு எழுதும் மென்பொருள்கள் பல தங்கள் தரவை ஆவணங்கள் கோப்புறையில் வைப்பதில்லை, சி டிரைவில் தமக்கென ஒரு கோப்புறை உண்டாக்கி வைத்துக்கொள்கின்றன. மென்பொருள் திறந்திருக்கும்போது அந்தத் தரவை நகலெடுத்தால் அரைகுறையான நகல் கிடைக்கவும் வாய்ப்பிருக்கிறது. இத்தகைய மென்பொருள்களில் பெரும்பாலும் பேக்கப் எடு என்று ஒரு கட்டளை உள்ளேயே இருக்கும். அதைப் பயன்படுத்தி, வரும் கோப்பை ஆவணங்கள் கோப்புறைக்குள் சேமியுங்கள். அங்கிருந்து ஃபைல் ஹிஸ்டரி பார்த்துக்கொள்ளும். கணினியிலேயே அஞ்சல்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளின் கோப்பு எங்கே இருக்கிறது என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கோப்பின் பக்கத்தில் மேகச் சின்னம் மட்டும் தெரிந்தால் அது உங்கள் கணினியில் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள். அது வேண்டுமானால் எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்று குறித்து முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் இவ்வளவு அல்லாட வேண்டியதில்லை. 2007-இல் வந்த டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன்னால் வாரத்துக்கொன்று என்று நகல்களை வைத்துக்கொண்டு, இடம் தீரும்போது பழையதை அதுவே கழிக்கிறது. லினக்ஸில் தேஜா டுப் என்ற பேக்கப் நிரல் எளிது. டைம்ஷிஃப்ட் என்பது இயங்குதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்புவதற்கான கருவி. அது இயல்பாக உங்கள் சொந்தக் கோப்புகளை எடுக்காது என்பது தெரியாமல் பலர் அதையே பேக்கப் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கணினி முழுவதையும் அப்படியே படியெடுத்து வைக்கலாமே என்றும் கேட்பீர்கள். வைக்கலாம். விண்டோஸின் பழைய படியெடுப்புக் கருவியை மைக்ரோசாஃப்ட் 2017-லேயே மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது, ஆகவே வேறு நிரல்தான் நல்லது. வீட்டுக் கணினிக்கு நான் இதை வற்புறுத்துவதில்லை. விண்டோஸையும் மென்பொருள்களையும் அரை நாளில் மறுபடி நிறுவிவிடலாம், பேத்தியின் படத்தை மறுபடி எடுக்க முடியாது.

பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைப்பதா, எப்போதும் செருகியே வைப்பதா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. செருகியே இருந்தால் மறக்காமல் நடக்கும். ஆனால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் புகுந்தால் அப்போது செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை அப்படித்தான் செய்தது. மின்னல், மின்னழுத்த ஏற்றம் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகலாம். வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை கழற்றி வைப்பதே என் தேர்வு. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று செருகி, ஃபைல் ஹிஸ்டரியில் இப்போதே ஓட்டு என்பதை அழுத்தி, முடிந்ததும் பாதுகாப்பாக நீக்கு என்பதைச் சொடுக்கிவிட்டுக் கழற்றுங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, வெளி டிஸ்க்குகளைச் சட்டென்று கழற்றினாலும் தாங்கும்படி இயல்பமைப்பை மாற்றியிருக்கிறார்கள் என்பது உண்மை. அது எழுதி முடித்த டிஸ்க்குக்குத்தான் பொருந்தும், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அன்று. சுழலும் டிஸ்க்கை ஓடும்போது நகர்த்தாதீர்கள். மேசையிலிருந்து விழுந்தால் படிக்கும் முனை தட்டில் உரசிவிடும், அதன் பிறகு தூசியற்ற ஆய்வறை வைத்திருப்பவர்தான் திறக்க முடியும். எனக்கு அந்த வசதி இல்லை. சாதாரண மேசையில் வைத்துத் திறந்து காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

டிஸ்க் திருடுபோனால் உள்ளே இருக்கும் அடையாள ஆவணங்கள் யார் கைக்குப் போகும் என்று யோசித்தால் கடவுச்சொல் பூட்டு தேவைதான். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் வெளி டிஸ்க்கைப் பூட்டலாம். ஹோம் பதிப்பில் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்கலாம். ஹோம் வைத்திருப்பவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற பூட்டு நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே எச்சரிக்கை: பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியை அதே கணினியில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் எழுதுங்கள்.

இந்த டிஸ்க் எத்தனை ஆண்டு உழைக்கும்? உறுதியான பதில் யாரிடமும் கிடையாது. பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் 2013 முதல் தன் டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டுவருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்றோ இரண்டோ சாகின்றன. ஆனால் அவை குளிரூட்டிய அறையில் அசையாமல் ஓடுபவை, பையில் போட்டு எடுத்துச் செல்லும் டிஸ்க்குக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் வசதி உண்டு, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலில் பார்க்கலாம். அது மோசம் என்று சொன்னால் நம்புங்கள். நலம் என்று சொன்னால் பாதி நம்புங்கள். கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த முன்னறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. ஆகவே ஐந்தாறு மாதம் கழித்தாவது இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி 'பேக்கப்-2' என்று பெயரிட்டு, மாதம் ஒரு முறை எடுத்து, வேறு வீட்டில், நம்பகமான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். தீயும் வெள்ளமும் ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு நகல்களைத் தனித்தனியாகப் பார்க்காது.

இப்போது சோதனை. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருளாளர்களின் நிரல்களை இணையத்தில் சேமித்துக் காக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் அவர்கள் வைத்திருந்த பேக்கப் முறைகள் பலவும் சரியாக ஓடியிருக்கவில்லை. வேறொரு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இதே தொழிலைச் செய்பவர்களுக்கே அந்தக் கதி. உங்களுக்குச் சோதனை பத்து நிமிட வேலை. டிஸ்க்கைக் கழற்றி வேறொருவரின் கணினியில் செருகுங்கள். பழைய படம் ஒன்று, சென்ற வாரப் படம் ஒன்று, கணக்கு மென்பொருளின் பேக்கப் கோப்பு ஒன்று என மூன்றைத் தேடி எடுங்கள். பெயர் தெரிகிறது என்று விட்டுவிடாமல் திறந்து பாருங்கள். படம் முழுதாக விரிகிறதா, பாதியில் சாம்பல் பட்டையாக நிற்கிறதா? கணக்குக் கோப்பை மென்பொருளுக்குள் ஏற்றிக் கடைசி வரவுசெலவு தெரிகிறதா என்றும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

சினிமாப் படங்கள் பாக்கி. இடம் இருக்கிறதே என்று தோன்றும், தெரியும். டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் போட்டாலும் விழுந்தால் இரண்டு பாதியும் சேர்ந்துதான் விழும். அதைவிட, சினிமா இருக்கும் டிஸ்க் வீட்டில் தங்காது. தொலைக்காட்சிக்குப் போகும், நண்பர் கேட்பார், அவர் கணினியிலிருந்து ஏதாவது தொற்றிக்கொண்டு வரும், ஒரு நாள் வராமலே போகும். வீட்டில் கிடக்கும் பழைய பென்டிரைவ் ஒன்றைச் சினிமாவுக்கு ஒதுக்கிவிடுங்கள். பேக்கப்பைப் பொறுத்தவரை, முதல் நகலை இன்று இரவே ஓடவிடலாம். கணினி உறக்கநிலைக்குப் போகாதபடி மின்அமைப்பை மட்டும் மாற்றிவிட்டுப் படுங்கள், இல்லையென்றால் காலையில் பார்க்கும்போது அது நாற்பது ஜி.பி.யோடு தூங்கிக்கொண்டிருக்கும்.